முன் மேசையிலிருந்து கேட்ட பேஸ்

கந்தப்பளை,
09.03.2025

அன்புள்ள மருமகள் சுலக்ஷனாவுக்கு வீரய்யா மாமா எழுதுவது.

இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு முன்னாடியே தெரியும். உன் பேஸ் கிட்டாரின் அந்த அம்ப்ளிபயர் பெட்டி உன் இடுப்பைப் பிடிக்கும் என்று தெரியும். டொக்டர் இனி பாரம் தூக்காதே என்பார் என்று தெரியும். நீ அதை விற்றுவிட்டு கையடக்கமாக ஒன்றை வாங்குவாய் என்றும், அதைப் பார்த்து உங்க பேண்ட் லீடர் யோகேஸ்வரன் மூஞ்சியைச் சுளிப்பார் என்றும் தெரியும். உன் கடிதத்தைப் பிரிக்கும் முன்பே உன் பூரணி அத்தையிடம் நாலையும் விரல் விட்டுச் சொன்னேன். நீங்க அப்படி ஒண்ணும் சொல்லல என்கிறாள். அவளுக்கு இப்போது ஞாபகம் கொஞ்சம் குறைவு.

இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம், என் இருமலும் சுகமாகத்தான் இருக்கிறது. போன் சாக்கடைக் கானுக்குள் விழுந்து செத்துவிட்டது. வேறு வாங்கப்போவதில்லை. போனில் பேசினால் நீ பாதியில் "சரி மாமா, வைக்கிறேன்" என்கிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

இனி விஷயம். முப்பது வருஷம் ‘வீரய்யா சவுண்ட் சேர்விஸ்’ நடத்தியவன் நான். இங்கேயிருந்து வலப்பனை வரைக்கும் என் குழாய் ஸ்பீக்கர் ஏறாத மரம் கிடையாது. அதனால் சொல்கிறேன். அம்ப்பில் கிளாஸ் உண்டு. A, B, பிறகு A-யையும் B-யையும் கலந்தது, கடைசியில் D. தேயிலைத் தரம் மாதிரித்தான். A சீமைக்குப் போகிற கொழுந்து. AB கடையில் விற்கிறது. D ஃபெக்டரித் தரையைக் கூட்டி அள்ளுகிறது. உன் தலையில் D-யைக் கட்டிவிட்டான்கள். A கிளாஸ் அம்ப் ஒன்று பழைய துரை பங்களாவில் இருந்தது. நான்தான் ரிப்பேர் பார்த்தேன். அதன் மூடியில் முட்டை பொரிக்கலாம். பொரித்தோம். துரை உப்பு எடுத்துக் கொடுத்தார்.

ஆகவே அந்த டிபன் பெட்டியைத் திருப்பிக் கொடு. ரெண்டு ஆள் தூக்குகிற மாதிரி ஒன்று வாங்கு. பாரம் இருந்தால்தான் சத்தம் இருக்கும்.

அம்மாவிடம் கேட்டதாகச் சொல். எனக்குத் தங்கச்சி என்று ஒருத்தி கொழும்பில் இருப்பது அவளுக்கே மறந்துபோச்சு போல.

இப்படிக்கு,
உன் மாமா,
வீரய்யா

கொட்டாஞ்சேனை,
20.03.2025

அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மா இரண்டு தரம் படித்தாங்க. "அண்ணன் அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் தரம் முட்டை பொரித்த இடத்தை மட்டும் படித்துச் சிரித்தாங்க. அடுத்த கடிதம் அவங்களே எழுதுவாங்களாம். இடுப்பு இப்போது பரவாயில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய பெட்டி வாங்கிய அன்று பக்கத்தில் நின்று, "ரெண்டு ஆள் தூக்கணும், அதான் சாமான்" என்றது நீங்கள்தான். முப்பத்தொரு கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு மட்டக்களப்பில் ஒரு கல்யாண மண்டபத்து மாடிப்படி ஏறும்போதுதான் இடுப்பு பிடித்தது.

கிளாஸ் என்பது தேயிலைத் தரம் இல்லை மாமா. பரீட்சை மார்க்கும் இல்லை. வேலை செய்கிற விதம், அவ்வளவுதான். உங்களுக்கு மரம் அறுக்கிற ரெண்டு ஆள் வாள் தெரியும். அதை வைத்துச் சொல்கிறேன். A கிளாஸ் என்றால் ஒரே ஆள், தள்ளுவதும் அவர்தான், இழுப்பதும் அவர்தான், நாள் முழுக்க ஓய்வு கிடையாது. நான் தந்தியைத் தொடாமல் சும்மா நின்றாலும் அது கரண்டைக் குடித்துச் சூடாகிக்கொண்டே இருக்கும். அதனால் உங்கள் முட்டையைப் பாதி நம்புகிறேன். B என்றால் ரெண்டு ஆள். இவர் இழுக்கும்போது அவருக்கு ஓய்வு. கரண்ட் மிச்சம், ஆனால் கை மாறுகிற இடத்தில் வாள் கொஞ்சம் தடுமாறும். அது காதுக்குக் கரகரப்பாக வரும். AB-யில் கை மாறுகிற இடத்தில் ரெண்டு பேரும் ஒரு கணம் சேர்ந்து பிடிப்பார்கள். தடுமாற்றம் போய்விடும். என் பழைய பெட்டி அந்த ரகம். சத்தம் அருமை. ஆனால் சூட்டை இறக்க அலுமினியத் தகடு, கரண்டுக்குப் பெரிய இரும்பு ட்ரான்ஸ்ஃபோர்மர், எல்லாம் சேர்ந்து என் இடுப்புக்கு வந்தது.

D-யில் வாளே இல்லை. சுவிட்ச். ஒரு செக்கனுக்கு லட்சக்கணக்கான தடவை போட்டுப் போட்டு அணைக்கிறது. எவ்வளவு நேரம் போட்டிருந்தது, எவ்வளவு நேரம் அணைத்திருந்தது என்பதில்தான் சத்தம் உருவாகிறது. பாதியில் நிற்கிற பழக்கம் இல்லாததால் சூடு குறைவு. சூடு குறைந்தால் தகடு சின்னது, பெட்டியும் சின்னது. ட்ரான்ஸ்ஃபோர்மரும் புது விதம், கைக்குள் அடங்கும். மொத்தம் இரண்டரைக் கிலோ. ஸ்பீக்கர் பெட்டி தனி. அதையும் நான் ஒரு ஆளாகத் தூக்கலாம்.

இதையெல்லாம் யோகேஸ்வரன் அண்ணனுக்கும் சொன்னேன். அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பாட்டுக்கு அடிக்கவா, ரேடியோ மாதிரி பாட்டுக் கேக்கவா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஹோலில் பேஸ் கேட்காவிட்டால் கீபோர்டில் இடது கையால் தானே வாசித்துக்கொள்ளலாம், ஒரு ஆள் மிச்சம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 19, சனிக்கிழமை, நுவரெலியாவில் சீசன் விருந்து. வாவிப் பக்கத்துப் பெரிய ஹோட்டல், பகல் பன்னிரண்டரையிலிருந்து நாலு மணி வரை. அதுதான் எனக்குப் பரீட்சை. மேடையில் நிற்பவருக்குத் தன் பேஸ் எப்படிப் போகிறது என்று தெரியாது மாமா. காலடியில் பலமாகக் கேட்கும், ஹோலில் காணாமல் போயிருக்கும். அதைச் சொல்ல எனக்கு ஒரு காது வேண்டும். நீங்கள் வரவேண்டும். கேட்டில் உங்கள் பெயர் கொடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
சுலக்ஷனா

கந்தப்பளை,
29.03.2025

அன்புள்ள மருமகளுக்கு,

நீ எழுதினது எல்லாம் சரிதான். நானும் அதையேதான் சொல்ல வந்தேன், நீ அவசரப்பட்டு முந்திக்கொண்டாய். D என்பது கூட்டி அள்ளுகிறது என்று நான் எழுதியது உன்னைச் சோதிக்க. எங்கள் காலத்தில் பரீட்சையில் D என்றாலே டிஸ்டிங்ஷன், மிக உயர்ந்த தேர்ச்சி. நான் ஏழாம் வகுப்போடு நிறுத்தாமல் இருந்திருந்தால் எட்டு D எடுத்திருப்பேன் என்று வாத்தியாரே எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து அழுதார்.

அந்த வாள் உதாரணத்தை நேற்று தேத்தண்ணிக் கடையில் செல்லசாமிக்கு விளக்கினேன். வாயைப் பிளந்துவிட்டான். "அண்ணே, இதெல்லாம் எங்க படிச்சீங்க?" என்றான். அனுபவம் என்று சொல்லிவிட்டேன். நீ ஒன்றும் நினைக்காதே.

பத்தொன்பதாம் திகதி கட்டாயம் வருவேன். பூரணி என் வெள்ளை வேட்டிக்குக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறாள். சட்டையும் வெள்ளை. எனக்கு அந்த ஹோட்டல் புதிதில்லை. அங்கே இருக்கிற மேனேஜர் என்னை வீரய்யா மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

நீ பயப்படாதே. உன் இடத்தை எவனும் இடது கையால் எடுக்க விடமாட்டேன். என் காது சொன்னால் சொன்னதுதான். காளியம்மன் தேரன்று அடுத்த மலையிலிருந்தே என் செட்டில் எந்தக் குழாய் தொங்கிப்போயிருக்கிறது என்று சொன்னவன் நான்.

உன் மாமா,
வீரய்யா

கொட்டாஞ்சேனை,
09.04.2025

அன்பு மாமாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்ததில் நிம்மதி. ஆனால் வேட்டி வேண்டாம் மாமா. அந்த ஹோட்டலில் வேட்டி, செருப்போடு ஹோலுக்குள் விடமாட்டார்கள், களிசானும் சப்பாத்தும் வேண்டும். யார் வந்தாலும் அப்படித்தானாம். நேற்றுத்தான் யோகேஸ்வரன் அண்ணன் சொன்னார். எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் கதவு அவர்களுடையது. செல்லசாமி அண்ணனிடம் கேட்டால் சப்பாத்து கிடைக்கும், அவர் கால் உங்கள் அளவுதான்.

தயவு செய்து முன்னால் உட்காராதீர்கள். பின் சுவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். பேஸ் கேட்கிறதா. எந்தச் சுரம் என்று தெரிகிறதா, இல்லை வெறும் ‘தும்’ மட்டும்தானா. தனுஷிகா பாடும்போது பேஸ் அவள் குரலுக்குக் கீழே நிற்கிறதா, அடியில் போய்ப் புதைந்துவிடுகிறதா.

உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நல்லதாகச் சொல்லவேண்டும் என்று இல்லை.

அன்புடன்,
சுலக்ஷனா

கந்தப்பளை,
21.04.2025

அன்புள்ள மருமகளுக்கு,

ஜெயம். இதைத்தான் நான் முன்னாடியே சொன்னேன்.

என்ன கூட்டம், என்ன அலங்காரம். நான் உள்ளே வந்ததும் மேனேஜர் ஓடிவந்து முன் மேசையில் உட்காரவைத்தார். மேடைக்கு எட்டு அடி. உன்னைப் பார்த்துக் கையை ஆட்டினேன், ஆடுகிற கூட்டம் நடுவில் வந்து மறைத்துவிட்டது. நீயும் குனிந்து விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். சின்ன வயதிலிருந்து உனக்கு அந்தப் பழக்கம்.

பேஸ் என்றால் அதுதான் பேஸ். நெஞ்சில் வந்து தட்டியது. என் மேசையில் கிளாஸ் ஒன்று இருந்தது, உன் அடிக்கு அது நடுங்கியது. கண்ணால் பார்த்தேன். பாட்டுக்காரப் பிள்ளையின் குரல் கேட்கவில்லை, கீபோர்ட் கேட்கவில்லை, டிரம் அங்கொன்றும் இங்கொன்றும். உன் பேஸ் மட்டும் முதலிலிருந்து கடைசி வரைக்கும். தொப்பி போட்ட ஒரு கொழும்பு அம்மா என் பக்கம் சாய்ந்து, யார் அந்தப் பிள்ளை என்று கேட்டார்கள். என் மருமகள் என்றேன். எழுந்து நின்று கை கொடுத்தார்கள்.

இடைவேளையில் உன்னைப் பார்க்க வரலாம் என்று எழும்பினேன். மேனேஜர் புதிதாகப் போட்ட ரோஜாத் தோட்டத்தைக் காட்டக் கூட்டிப்போய்விட்டார். முடிந்தபோதும் மழை விடவில்லை. பஸ்ஸுக்கு ஓடிவந்துவிட்டேன். பூரணி, "புள்ளய பாக்காமலா வந்தீங்க?" என்று ரெண்டு நாளாகப் பேசவில்லை.

யோகேஸ்வரனிடம் சொல். வீரய்யா சவுண்ட் சேர்விஸ் கேட்டுச் சொன்னது. ஒரு குறையும் இல்லை. ஒரு ஸ்குரூவையும் அசைக்க வேண்டாம்.

உன் மாமா,
வீரய்யா

கொட்டாஞ்சேனை,
08.05.2025

அன்பு மாமாவுக்கு,

கடிதம் வந்த அன்று நான் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அன்று விருந்து முடிந்து சாமான் கட்டும்போது யோகேஸ்வரன் அண்ணன் என்னிடம் கேட்டது, "பேஸ் எங்க போச்சு?" என்றுதான். தனுஷிகாவும் தனக்குச் சுரம் பிடிக்கத் துணையே கிடைக்கவில்லை என்றாள். ஆடிக்கொண்டிருந்த ஒருவரும் வந்து ஏதோ இரைச்சல் மாதிரி இருந்தது என்றாராம். நான் இடைவேளையில் உங்களைத் தேடினேன். மேசை மேசையாகப் பார்த்தேன். நீங்கள் அந்த நேரம் ரோஜாத் தோட்டத்தில் இருந்திருக்கிறீர்கள்.

அதனால் உங்கள் கடிதத்தைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். தொப்பி போட்ட அம்மா வந்த இடத்தில் சிரித்தார்கள். ஆனால் யோகேஸ்வரன் அண்ணன் கடிதத்தை வாங்கித் தானே ஒரு தரம் வாசித்தார். பிறகு, "முப்பது வருஷம் சவுண்ட் பாத்தவர், எட்டு அடியில இருந்து சொல்றார். நான் கீபோர்டுக்குப் பின்னால நின்னவன். இன்னொரு தரம் பார்ப்போம்" என்றார்.

இன்னொரு தரம் என்பது மே 24, வத்தளையில் ஒரு கல்யாண ரிசெப்ஷன். அதிலும் அதே பேச்சு வந்தால் நான் பேண்டிலிருந்து நின்றுவிட வேண்டும். நானே ஒப்புக்கொண்டேன்.

பின்னால் நிற்கச் சொன்னேன், நீங்கள் முன்னால் இருந்துவிட்டீர்கள். பரவாயில்லை. நான் எல்லாவற்றையும் அன்று இருந்தபடியே வைக்கப்போகிறேன். ஸ்பீக்கர் மூலையில் சுவரை ஒட்டி. ‘பேஸ்’ குமிழ் முழுவதும் வலப்பக்கம், நடுக் குமிழ் கீழே. வீட்டில் தனியாக வாசிக்கும்போது அப்படித்தான் எனக்குப் பிடிக்கும். அவர்கள் எல்லோரும் மாற்றச் சொல்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் ஒரு ஸ்குரூவையும் அசைக்காதே என்றீர்கள். நான் உங்கள் காதைத்தான் நம்புகிறேன்.

பூரணி அத்தையிடம் கோபப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
சுலக்ஷனா

கந்தப்பளை,
19.05.2025

அன்புள்ள மருமகள் சுலக்ஷனாவுக்கு,

உன் கடிதம் இன்று காலை, வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டில்தான் கையில் கிடைத்தது. பதினொரு நாள். தோட்ட ஆபிஸில் கிளாக்கர் மேசைக்கு அடியில் கிடந்திருக்கிறது. தபாலில் பதில் போட்டால் இருபத்திநாலாம் திகதிக்கு வந்து சேராது. அதனால் ஆள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கொண்டுவருவது மதுரன், காளியாயியின் மகன், நம்ம மேல் லயம். கொழும்பில் ஏதோ கோர்ஸ் விஷயமாக வருகிறான். சாப்பாடு கொடுத்து அனுப்பு, பசியைச் சொல்லமாட்டான்.

முதலில் செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் மாற்று. ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே எடு. அந்தக் குமிழைத் திருப்பு, நடுவை ஏற்று. உங்க ஆட்கள் சொல்கிறபடி செய். ஹோலுக்குள் இருந்த காதுகள் அவர்களுடையது.

ஏன் என்று கேட்பாய். நான் கேட்டதில் பொய் இல்லை. உன் பேஸ் மட்டும்தான் கேட்டது, சத்தியம். குரல் கேட்கவில்லை, கீபோர்ட் கேட்கவில்லை. கிளாஸும் நடுங்கியது. ஆனால் அது தேத்தண்ணி கிளாஸ், மேசை கடைக்காரனுடையது. பூரணியிடம் இன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். "உள்ள இருக்கிறவனுக்கு பாட்டு கேக்கும், வெளிய நிக்கிறவனுக்கு தும் தும்முன்னு அடிதானே கேக்கும். கல்யாண வீட்டுப் பக்கமா போனா தெரியாதா?" என்றாள். முப்பது வருஷம் குழாய் ஸ்பீக்கர் கட்டினவனுக்கு இது தெரியவில்லை. குழாயில் குரல்தான் மலை தாண்டும், அடி வராது. உன் பெட்டியிலிருந்து அடி மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. நான் அதை உன் வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றை யோகேஸ்வரனிடம் தைரியமாகச் சொல்லலாம். அந்த இரண்டரைக் கிலோ பெட்டிக்குப் பலம் போதாது என்ற பேச்சு இனி வேண்டாம். பலம் இல்லாத பெட்டியின் சத்தம் ஹோல் சுவர், புல்வெளி, சைப்ரஸ் வேலி, ரோடு எல்லாம் கடந்து வராது. பலம் முழுக்க வெளியே போய்விட்டது. அதை உள்ளே நிறுத்துவதுதான் உன் வேலை. D-யில் குறை இல்லை. இது மட்டும் நான் என் காதால் கேட்டுச் சொல்வது.

சப்பாத்து போட்டு வரச் சொன்ன உன் கடிதம் ஏப்ரல் இருபத்திமூன்றாம் திகதிதான் கிடைத்தது. அதை நான் உனக்குச் சொல்லவில்லை. கேட்டில் என் பெயர் இருந்தது, நீ கொடுத்தபடியே. கேட்டில் நின்ற செக்யூரிட்டி என் வேட்டியையும் செருப்பையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "மாமா, என் வேலை போயிரும்" என்றான். அது மதுரன்தான். போன மாதம்தான் அந்த வேலையில் சேர்ந்திருந்தான். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், சத்தம் போட்டிருந்தால் மேனேஜர் வந்திருப்பார். அவருக்கு என்னை யார் என்றே தெரியாது. அவன் காளியாயி பிள்ளை. சரிப்பா என்று திரும்பிவிட்டேன். அவன் அதற்குப் பிறகு என் கண்ணைப் பார்ப்பதில்லை. இன்றைக்கு இந்தக் கடிதத்தைக் கொண்டுபோவாயா என்று நானே போய்க் கேட்டபோதுதான் பார்த்தான். நீயும் அவனிடம் எதுவும் கேட்காதே.

மூன்றரை மணி நேரம் நின்றேன். கந்தப்பளை பஸ் ஆறு போனது. நடுவில் மழை வந்ததும் தேத்தண்ணிக் கடைக்குள் ஏறி மூன்று பிளேன்டீ குடித்தேன். வீட்டுக்கு வந்து எப்படியும் உனக்கு நல்லதாக எழுத வேண்டும் என்று இருந்தது. நீ நல்லதாகச் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தது எனக்குத் தெரியாது.

தொப்பி போட்ட அம்மா, அவர் கை கொடுத்தது, துரை உப்பு எடுத்துக் கொடுத்தது, இதெல்லாம் நீ நம்பியிருக்கமாட்டாய். நம்பவேண்டும் என்று நானும் எழுதவில்லை. முன் மேசையைத்தான் நம்பிவிட்டாய். அது நானாகப் போட்டுக்கொண்டது. அங்கே நான் இல்லை, மருமகளே. ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் நிற்கிற ஹோல்ட்டில் இருந்தேன்.

மாமா